அந்த அம்மாகிட்ட யாராவது கேட்டீங்களா?

போன வாரம் ஸ்ரீரங்கத்துல ஒரு வளைகாப்பு. அஞ்சு வகை சாதம், அதுல கல்கண்டு சாதம் அவ்வளவு ருசி. சாப்பாடு நல்லா இறங்கிருச்சு. பந்தில காதுல விழுந்த ரெண்டு பேச்சுதான் இன்னும் இறங்கல.

முதல் பேச்சு எங்க ஒண்ணுவிட்ட அக்காவோடது. அவங்களுக்குக் குழந்தை இல்லை. தத்தெடுக்கப் பதிவு பண்ணிட்டு வருஷக்கணக்கா காத்திருக்காங்க.

"நீ ஞாயித்துக்கிழமையானா ஹோமுக்குப் பாடம் சொல்லித்தரப் போறியே, அங்க எத்தனை பிள்ளைங்க இருக்கு! ஒண்ணை எங்ககிட்ட குடுத்தா எப்படி வளர்ப்போம்! பெத்தவங்களும் வளர்க்கறதில்ல, எங்களையும் வளர்க்க விடறதில்ல. என்னடி சட்டம் இது?"

எதிர் வரிசைல இருந்த பெரியவர் ஒருத்தர் உடனே ஆரம்பிச்சிட்டார்.

"அதெல்லாம் ஒத்து வராதும்மா. தான் ஆடாட்டாலும் தன் தசை ஆடும். குடிசையோ கோபுரமோ, பிள்ளை பெத்தவகிட்டதான் இருக்கணும்."

ரெண்டு பேருமே நல்லவங்க. அக்காவோட வலியைக் கூடவே இருந்து பார்த்தவ நான். பெரியவர் பேரன் பேத்திங்க மேல உயிரையே வெச்சிருக்கறவர். ஆனா பாருங்க, ஒருத்தர் பிள்ளையைக் குடுங்கறார், இன்னொருத்தர் திருப்பி அனுப்புங்கறார். அந்தப் பிள்ளையை எந்த அம்மா, எந்த நிலைமைல, எந்த வாசல்ல கொண்டுவந்து விட்டாங்கற கேள்வி ரெண்டு பேர் வாயிலயும் வரல. பந்தில வெச்சு இதைப் பேச எனக்கும் மனசில்ல. அதான் இங்க.

முன்னாடியே சொல்லிடறேன். ஹோம் பேரு சொல்லமாட்டேன். பிள்ளைங்க அடையாளத்தையும் மாத்தித்தான் எழுதறேன். அவங்க கதை அவங்களுக்குச் சொந்தம்.

ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி, காவிரியைத் தாண்டி, திருச்சிப் பக்கம் இறங்கி நடந்து போவேன். கணக்குதான் என் பாடம். பின்னம், வகுத்தல், சதவீதம். இட்லியை வெட்டிப் பின்னம் சொல்லிப் பார்த்தேன். வெட்டினது பூரா வயித்துக்குள்ள போச்சு, பின்னம் மட்டும் போகல. அப்புறம் ரிப்பனை மடிச்சுக் காட்டினேன், டக்குனு புரிஞ்சுது. (வாத்தியார் வேலை பார்க்கிறவங்க இந்த ரிப்பனைக் குறிச்சு வெச்சுக்குங்க. அரை மீட்டர் போதும்.)

ஒரு தடவை ஸ்கூல்ல 'என் குடும்பம்'னு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தாங்க. பிள்ளைங்க எழுதிட்டு இருக்கறதைப் பக்கத்துல இருந்து பார்த்தேன். ஒருத்தி அம்மாவைப் பத்தி எழுதறா. இன்னொருத்தி அம்மாச்சி வீட்டு ஆட்டுக்குட்டியோட பேரை எழுதறா. ஒருத்தி, அப்பா ஜெயில்ல இருக்கார்னு நேரா எழுதிட்டு, 'அப்பா நல்லா பாடுவார்'னு அடுத்த வரி எழுதறா. யாருமே இல்லாத பிள்ளைனு பார்த்தா அந்த ரூம்ல ரொம்பக் கம்மி.

இது எங்க ஹோமோட நிலைமை மட்டும் கிடையாது. 2018-ல மத்திய அரசு ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டுச்சு. நாடு முழுக்க 9,589 இல்லங்கள், மூணே முக்கால் லட்சம் பிள்ளைங்க. அதுல அநாதை, கைவிடப்பட்டவங்க, ஒப்படைக்கப்பட்டவங்க எல்லாரையும் கூட்டினாலும் சின்னப் பங்குதான். அம்மாவோ அப்பாவோ ஒருத்தர் மட்டும் இருக்கற பிள்ளைங்க ஒரு லட்சத்து இருபதாயிரம்!

யோசிச்சுப் பாருங்க. ஒரு லட்சத்து இருபதாயிரம் பிள்ளைங்களுக்கு வீட்டுல ஒரு ஆள் உயிரோட இருக்கு. அந்த ஆளுக்கு முடியல. அவ்வளவுதான் விஷயம்.

ஏன் முடியல?

எங்க ஹோம்ல எட்டு வயசுல ஒருத்தி வந்தா. 'சின்னவ'னு கூப்பிடுவோம். எண்ணச் சொன்னா 'ஒண்ணு'னு ஆரம்பிக்க மாட்டா. 'லாபம், ரெண்டு, மூணு...'னு எண்ணுவா. நெல் அளக்கறவங்க பழக்கம். அவ ஆயாகிட்ட இருந்து வந்திருக்கு. ரிப்பனையும் அப்படித்தான் எண்ணுவா. வகுப்பே அவளைப் பார்த்து லாபம் லாபம்னு எண்ண ஆரம்பிச்சிருச்சு.

அவ அம்மா சித்தாள். கலவை தூக்கற வேலை. புருஷன் போய்ச் சேர்ந்தாச்சு. ஆயாவும் போயாச்சு. வேலை எங்க கிடைக்குதோ அங்க கொட்டாய் போட்டுத் தங்கணும். ராத்திரி கொட்டாய்ல பொட்டப்பிள்ளையை வெச்சுக்கப் பயம். யாரோ ஒரு மேஸ்திரி பார்வை சரியில்லைனு தெரிஞ்ச மறுநாளே பிள்ளையைக் கூட்டிட்டு வந்து விட்டுட்டாங்க. மகனை வேற ஊர்ல பையங்க ஹோம்ல விட்டாங்க.

இந்தம்மா பிள்ளையைக் கைவிட்டாங்கனு நீங்க சொல்வீங்களா? நான் சொல்லமாட்டேன். தன்கிட்ட இருந்த ஒரே வழில பிள்ளையைக் காப்பாத்தியிருக்காங்க.

அப்போ ஒரு குடும்பம் பிறந்தநாள் சாப்பாடு போட வந்துச்சு. (திருச்சில இது சகஜம். கேக்கு, பிரியாணி, பிள்ளைங்க வரிசையா நின்னு ஒரு பாட்டு.) சின்னவ துறுதுறுனு பரிமாறினதைப் பார்த்துட்டு அந்தக் குடும்பத்து அம்மா அவ முன்னாடியே வார்டன்கிட்ட, "இவளை எங்களுக்குக் குடுப்பீங்களா?"னு கேட்டாங்க. அன்பாத்தான் கேட்டாங்க. ஆனா சின்னவ கைல இருந்த கரண்டி அப்படியே நின்னுருச்சு. அன்னிக்கு முழுக்க ஒரு கணக்கும் போடல. "எங்கம்மா வர்றதுக்குள்ள குடுத்துருவாங்களா மிஸ்?"னு ஒரே கேள்வி.

தயவுசெஞ்சு பிள்ளைங்க முன்னாடி இப்படிக் கேக்காதீங்க. பிறந்தநாள் சாப்பாடு போடப் போறவங்க எல்லாருக்கும் இதைச் சொல்லிருங்க.

சட்டப்படி சின்னவளைக் குடுக்கவும் முடியாது. ஏன்னா அவ அம்மா ஒப்படைக்கல, பத்திரமா இருக்கட்டும்னு விட்டுட்டுப் போயிருக்காங்க. ரெண்டும் வேற வேற. 2015 சிறார் நீதிச் சட்டப்படி, பெத்தவங்க பிள்ளையைத் தத்துக்குக் குடுக்கறதா இருந்தா குழந்தைகள் நலக்குழு முன்னாடி வந்து கையெழுத்துப் போடணும். கமிட்டி அவங்களுக்கு எடுத்துச் சொல்லணும். கையெழுத்துப் போட்ட பிறகும் 60 நாள் அவகாசம் உண்டு. மனசு மாறினா வந்து கூட்டிட்டுப் போலாம்.

யாருன்னே தெரியாம கண்டெடுத்த குழந்தைனா வேற நடைமுறை. பேப்பர்ல போட்டோவோட, 'இக்குழந்தைக்கு உரிமை கோருவோர்'னு விளம்பரம் வருமே, பார்த்திருப்பீங்க. தேடியும் யாரும் வரலைனா, ரெண்டு வயசு வரைக்கும் உள்ள குழந்தையை 2 மாசத்துக்குள்ளயும், அதுக்கு மேல உள்ள பிள்ளையை 4 மாசத்துக்குள்ளயும் 'தத்துக்குத் தகுதி'னு கமிட்டி அறிவிக்கணும். அதுக்கப்புறம்தான் டெல்லில இருக்கற மத்தியத் தத்து ஆணையம் 'காரா'வோட வரிசைக்கு அந்தக் குழந்தை வரும். 2022 செப்டம்பர்ல இருந்து தத்து உத்தரவு கோர்ட்டுல இல்ல, கலெக்டர்கிட்டயே.

2024-25-ல நாடு முழுக்கச் சட்டப்படி நடந்த தத்து 4,515. அதுக்கு முந்தின பத்துப் பன்னெண்டு வருஷத்துல அதான் அதிகமாம். காத்திருக்கற பெற்றோர் முப்பதாயிரத்துக்கு மேல. அக்காவோட காத்திருப்புக்குக் காரணம் இந்தக் கணக்குதான். சித்தாள் வேலை பார்க்கற எந்த அம்மாவும் அக்காவுக்குச் சேர வேண்டியதைப் பிடிச்சு வெச்சுக்கல.

சரி, அக்காவுக்கு இன்னொரு வழி இருக்குனு யாராவது சொன்னாங்களா? வளர்ப்புப் பராமரிப்பு. ஆபீஸ்ல 'ஃபாஸ்டர் கேர்'தான். பிள்ளைக்குச் சொந்த அம்மா இருப்பாங்க. இப்போதைக்கு முடியாது. அதுவரைக்கும் இன்னொரு குடும்பம் தன் வீட்டுல வெச்சு வளர்க்கும். அரசாங்கம் மாசம் 4,000 ரூபாய் தரும். அண்ணன் தங்கச்சினா முடிஞ்சவரைக்கும் பிரிக்கக் கூடாது. பெத்தவங்க வந்து பார்க்கலாம். அவங்க நிலைமை சரியாயிருச்சுனு கமிட்டி நம்பினா பிள்ளை வீட்டுக்குப் போலாம். அந்தத் தொகையைத் தவிர மத்ததெல்லாம் சட்டத்துலயே இருக்கு, 44-ஆம் பிரிவு.

இதை அப்புறம் அக்காகிட்ட சொன்னப்போ அவங்க கேட்ட முதல் கேள்வி: "வளர்த்துட்டு திருப்பிக் குடுக்கணுமா?"

திருச்சிக்காரங்களுக்கு இதை விளக்க மலைக்கோட்டை இருக்கு. தாயுமானவர் கதை தெரியும்ல? நிறைமாசமா இருக்கா ரத்னாவதி. பிரசவத்துக்கு வர வேண்டிய அம்மா காவிரி வெள்ளத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டாங்க. சிவபெருமான் அந்த அம்மா உருவத்துலயே வந்து பிரசவம் பார்க்கிறார், பத்தியம் பார்க்கிறார், பிள்ளையைக் குளிப்பாட்டறார். வெள்ளம் வடியுது. நிஜ அம்மா வந்து வாசல்ல நிக்கறாங்க. வந்தவர் மறைஞ்சு போறார்.

நான் தான் இவ்வளவு நாள் பார்த்தேன், நீ இப்போ எதுக்கு வந்தேனு அவர் சண்டை போடல. அந்த அம்மா ஏன் லேட்டுனு விசாரிக்கவும் இல்ல. வெள்ளம்னு அவருக்குத் தெரியும். வளர்ப்புப் பராமரிப்புக்கு வர்ற குடும்பத்துக்கு வேண்டிய மனசு அதுதான். ரொம்பப் பெரிய மனசு. எல்லாருக்கும் வராது, வரலைனா குத்தமும் இல்ல.

ஆனா வெள்ளம் வடியவே இல்லைனா? அம்மா வரவே இல்லைனா?

இங்கதான் நம்ம ஊர்ல நடந்த ஒரு வழக்கைச் சொல்லியாகணும். பலருக்கு மறந்திருக்கும்.

திருச்சில மோசே மினிஸ்ட்ரீஸ்னு ஒரு இல்லம். அங்க 89 பெண்கள் வளர்ந்தாங்க. பெரும்பாலும் உசிலம்பட்டிப் பக்கத்துல கைக்குழந்தையா இருக்கறப்போ கொண்டு வந்தது. சிசுக்கொலைல இருந்து காப்பாத்தினோம்னு நடத்தினவங்க சொன்னாங்க. உசிலம்பட்டினு சொன்னா அதை நம்பாம இருக்க முடியாது. 1986-ல இந்தியா டுடேல வந்த கட்டுரைக்கு அப்புறம் அந்த ஊர்ப்பேரே அப்படி ஆயிருச்சு. 1992-ல சேலத்துல தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பிச்சதும் அதே கொடுமைக்காகத்தான்.

ஆனா இந்தப் பிள்ளைங்க எந்தத் தொட்டில் வழியாவும் வரல. தத்துக்கு வரிசைலயும் நிக்கல. 2015-ல 'சேஞ்ச் இந்தியா'ங்கற அமைப்பு போட்ட பொதுநல வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போச்சு. பெத்தவங்க யாருனு கண்டுபிடிக்க டி.என்.ஏ. பரிசோதனைக்கு உத்தரவு. அப்புறம் சி.பி.ஐ. விசாரணை. நடத்தினவங்க மேல இருக்கற குற்றச்சாட்டைத் தீர்மானிக்கறது கோர்ட்டோட வேலை, நான் அதுக்குள்ள போகல. எனக்கு அந்தப் பெண்கள்தான் முக்கியம்.

பேப்பர்ல அந்தச் செய்தி வந்தப்போ பஸ்ஸுல படிச்சேன். சிலர் ஸ்கூல் பிள்ளைங்க, சிலர் காலேஜ் வயசு. ரத்தம் எடுத்து இவங்கதான் உன் அப்பா அம்மானு சொல்லப்போறாங்க. அந்தப் பெண்கள் என்ன சொன்னாங்க தெரியுமா? நாங்க போகமாட்டோம், இங்கயே இருக்கோம்னாங்க. கூட வளர்ந்தவங்கதான் அவங்களுக்கு அக்கா, தங்கச்சி. உசிலம்பட்டில இருக்கற வீடு அவங்க நினைப்புல எங்கயும் இல்ல.

பெரியவர் சொன்ன தசை ஏன் ஆடல?

ஆடாது. தசை தானா ஆடறதில்லைங்க. தூக்கி வெச்சிருந்த கை, காய்ச்சல்ல முழிச்சிருந்த ராத்திரி, ஸ்கூல் கேட்ல நின்ன முகம், இதெல்லாம் சேர்ந்துதான் ஆடவைக்குது. அந்த வருஷங்கள் போயாச்சு. பரிசோதனைக்கூடம் அதைத் திருப்பித் தராது.

அதுக்காக அந்த அம்மாக்கள் வேண்டாம்னு வீசினவங்கனு நான் முடிவு கட்டவும் தயாரா இல்ல. வறுமையும், பொண்ணுனா செலவுங்கற ஊர்ப்பேச்சும், மாமியார் வீட்டு நெருக்கடியும் சேர்ந்து அழுத்தற எடத்துல ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு எவ்வளவு சொந்த முடிவு இருந்திருக்கும்? அன்னிக்கே ஒரு கமிட்டி முன்னாடி அவளை உக்காரவெச்சு, "உனக்கு என்ன வேணும்? வளர்க்க உதவி பண்ணினா வளர்ப்பியா? இல்ல மனசார ஒப்படைக்கறியா?"னு கேட்டிருந்தா, ஒண்ணு அந்தக் குழந்தை அம்மாகிட்ட வளர்ந்திருக்கும், இல்ல அக்கா மாதிரி ஒரு வீட்டுல மகளா வளர்ந்திருக்கும். கைக்குழந்தையா இருந்தப்போ கேக்க வேண்டிய கேள்வியை, அவங்க தாவணி வயசைத் தாண்டினப்புறம் ரத்தத்துகிட்ட கேட்டிருக்கோம்.

சென்னைல இதைவிடக் கொடுமை நடந்துச்சு. 1999-ல புளியந்தோப்புல, அம்மா பக்கத்துல தூங்கிட்டு இருந்த குழந்தையைத் திருடிட்டுப் போய், தத்து ஏஜென்சி வழியா அமெரிக்காவுக்கு அனுப்பிட்டாங்க. அங்க தத்தெடுத்தவங்களுக்குத் திருட்டுனு தெரியாது. அவங்களும் ஆசையாத்தான் வளர்த்தாங்க. அப்பா விடாம அலைஞ்சார். 2019-ல அந்தப் பையன் வளர்ந்து ஆளாகி வந்து பெத்தவங்களைப் பார்த்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது. நடுவுல ஒரு ஆள் மொழிபெயர்க்க, அம்மாவும் மகனும் பேசினாங்க. அக்கா, இந்த 60 நாள், விளம்பரம், விசாரணை எல்லாம் இந்த மாதிரி வயிறெரிஞ்ச கதைகளுக்கு அப்புறம் கெட்டியாக்கினதுதான். அவசரப்பட்டா யாரோ ஒருத்தி வயித்துல அடிச்சதாயிரும்.

இப்போ பெரியவர் பக்கம் வர்றேன். 'பெத்தவகிட்ட அனுப்பிரு.'

அதையும் ஒரு தடவை செஞ்சு பார்த்தோமே! 2020. கொரோனா. ஹோம்ல இருந்த பிள்ளைங்களை வீட்டுக்கு அனுப்பினாங்க. செப்டம்பர்ல தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம் தமிழ்நாடு உள்பட 8 மாநிலத்துக்கு எழுதுச்சு. பிள்ளைங்களை 100 நாளைக்குள்ள குடும்பத்தோட சேர்த்துருங்கனு. குடும்பத்துல வளர்றது பிள்ளையோட உரிமைனு காரணம் சொன்னாங்க. காரணத்துல எனக்குச் சண்டை இல்ல. அந்த 100 நாள்லதான் சண்டை. வருஷக்கணக்கா யாரும் எட்டிப் பார்க்காத வீட்டை 100 நாள்ல எப்படிச் சரி பண்ணுவீங்க? அந்த டிசம்பர்ல உச்ச நீதிமன்றம், வீட்டுக்குப் போன பிள்ளைங்க படிப்புக்கு மாசம் 2,000 ரூபாய் குடுக்கணும்னு சொல்லுச்சு. நல்ல உத்தரவு.

எங்க பிள்ளைங்கள்ல அப்படிப் போய் நல்லா இருக்கறவங்க உண்டு. ஒருத்தி அம்மாச்சிகிட்ட போனா, இன்னிக்கு நர்சிங் படிக்கறா. இன்னொருத்திக்குப் பதினேழு முடியறதுக்குள்ள தாய்மாமனைக் கட்டிவெச்சிட்டாங்க. நல்லா படிச்சவ. சதவீதம் அவளுக்கு விரல் நுனில நிக்கும். அவளை அந்த வீட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி, "போறியாடா?"னு யாரும் கேக்கல. எனக்கு இன்னும் ஆறல.

பெரியவர் தினமும் கோயிலுக்குப் போறவர். நம்ம ஸ்ரீரங்கத்துல மூணாவது பிரகாரமே குலசேகரன் பேர்லதான் இருக்கு. அந்தக் குலசேகர ஆழ்வார் பெருமாள் திருமொழில ஒரு பதிகம் முழுக்க தேவகியோட புலம்பலா பாடியிருக்கார். கண்ணனைப் பெத்தவ அவ. பால் குடுக்கல, தாலாட்டல, தவழ்ந்ததைப் பார்க்கல, மழலை கேக்கல. எல்லாம் யசோதைக்குக் கிடைச்சுதுனு ஏங்கறா. பெத்தவளுக்கும் வலி உண்டு, வளர்த்தவளுக்கும் உரிமை உண்டுனு நம்ம ஆழ்வாருக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. தேவகி ஜெயில்ல இருந்தாங்கறது நமக்கெல்லாம் தெரியும். சித்தாளம்மாவோட ஜெயில் எதுனுதான் பார்க்கமாட்டேங்கறோம்.

சரி, என்ன பண்ணணுங்கற? இதானே கேக்கறீங்க.

முதல்ல அம்மாவுக்குக் காசு. வெக்கப்படாம சொல்றேன், காசுதான். மத்திய அரசோட மிஷன் வாத்சல்யா திட்டத்துல, பிள்ளையை வீட்டுலயே வெச்சு வளர்க்க மாசம் 4,000 ரூபாய் உதவி இருக்கு. கிராமம்னா வருஷ வருமானம் 72,000-க்குள்ள, நகரம்னா 96,000-க்குள்ள இருக்கணும். நம்ம மாநில அரசு 2025 செப்டம்பர்ல 'அன்புக் கரங்கள்' ஆரம்பிச்சிருக்கு, மாசம் 2,000. ஹோம்ல ஒரு பிள்ளைக்கு ஆகற செலவுல ஒரு பங்கை அந்த அம்மா கைல முன்னாடியே குடுத்திருந்தா, பாதிப் பிள்ளைங்க பஸ் ஏறியே வந்திருக்க மாட்டாங்கனு நான் மனசார நம்பறேன்.

ரெண்டாவது, பெத்தவங்களுக்காகக் காத்திருக்கறதுக்கு ஒரு கெடு. அமெரிக்காவுல 1997-ல ஒரு சட்டம் போட்டாங்க. கடைசி 22 மாசத்துல 15 மாசம் பிள்ளை வளர்ப்பு வீட்டுல இருந்துச்சுனா, சில விதிவிலக்கு போக, பெத்தவங்க உரிமையை ரத்து பண்ண அரசே வழக்குப் போடணும். எனக்கு அந்த வேகம் பிடிக்கல. ஏழை அம்மாவுக்கு உதவியும் பண்ணாம கடிகாரத்தை மட்டும் ஓடவிட்டா அது அநியாயம். ஆனா நம்ம ஊர்ல நடைமுறைல கடிகாரமே ஓடாதது பெரிய அநியாயம். அஞ்சு வருஷமா ஒரு கடுதாசி கூட வராத பிள்ளை, ஒவ்வொரு மே மாசமும் பெட்டியைக் கட்டி வெச்சுட்டு உக்காந்திருக்கறதை நான் பார்த்திருக்கேன். தேடுங்க, கேளுங்க, உதவுங்க. எதுக்குமே அசையலைனா அந்தப் பிள்ளையை இன்னொரு வீட்டுக்குப் போக விடுங்க.

அதுக்கும் இப்போ வழி கொஞ்சம் அகலமாயிருக்கு. 2024-ல வந்த வளர்ப்புப் பராமரிப்பு வழிகாட்டுதல்படி 35-ல இருந்து 60 வயசு வரைக்கும், கல்யாணம் ஆகாதவங்க, கணவரை இழந்தவங்க, விவாகரத்தானவங்க கூட ஆறு வயசுக்கு மேற்பட்ட பிள்ளைங்களை எடுத்து வளர்க்கலாம். சட்டப்படி தத்துக்குத் தகுதியான பிள்ளைனா, ரெண்டு வருஷம் வளர்த்தப்புறம் தத்தெடுக்கவும் கேக்கலாம். முன்னாடி இது அஞ்சு வருஷமா இருந்துச்சு.

எங்க ஹோம்ல ஒரு பொண்ணுக்கு அப்படி ஒரு வளர்ப்பு வீடு கிடைச்சுது. கமிட்டில, "வீட்டுக்குப் போறியா?"னு கேட்டப்போ, "அம்மா வேணும், அந்த வீடு வேணாம்"னு சொன்னா. அம்மாவோட ரெண்டாவது புருஷன். அதுக்கு மேல நான் எழுதல. கமிட்டில இருந்தவங்க அந்த ஒரு வரியைக் காது குடுத்துக் கேட்டாங்க, விசாரிச்சாங்க. இன்னிக்கு அவ பக்கத்து மாவட்டத்துல ஒரு டீச்சரம்மா வீட்டுல இருக்கா. அவளைப் பெத்த அம்மா மாசத்துக்கு ஒரு தடவை கமிட்டி ஆபீஸுக்கு வந்து பார்த்துட்டுப் போறாங்க. டீச்சரம்மா முறுக்கு சுத்திக் குடுத்தனுப்பறாங்க. ரெண்டு அம்மாவையும் அவ 'அம்மா'னுதான் கூப்பிடறா. குழப்பமே இல்ல அவளுக்கு. குழப்பமெல்லாம் பந்தில உக்கார்ற நமக்குத்தான்.

சின்னவளா? அவ அம்மாகிட்டயே போயிட்டா. அந்த 4,000 ரூபாய் ஸ்பான்சர்ஷிப் உதவிக்கு அலைஞ்ச அலைச்சல் கொஞ்சநஞ்சமில்ல. ரேஷன் கார்டு ஒரு ஊர், ஆதார் ஒரு ஊர். புருஷனோட இறப்புச் சான்று வாங்கியே வெக்கல. வருமானச் சான்றுக்கு வி.ஏ.ஓ., ஆர்.ஐ.னு நடந்து, ஸ்கூல் போனஃபைடு, பாஸ்புக்... நாள் கூலி வாங்கறவங்க ஒரு கையெழுத்துக்கு ஒரு நாள் கூலியை விட்டுத்தான் வரணும். இதை யோசிச்சா எனக்குக் கோபமா வரும். கடைசில ஸ்பான்சர்ஷிப் ஆர்டர் வந்துச்சு. திருவானைக்காவல்ல ஒத்தை ரூம். அம்மா கொட்டாய் வேலையை விட்டுட்டு உள்ளூர்லயே வேலைக்குப் போறாங்க. மகனும் வந்துட்டான். எல்லாம் சுகம்னு சொல்லமாட்டேன். மாசக் கடைசி கஷ்டம்தான். அண்ணனும் தங்கச்சியும் எலியும் பூனையும். அந்தம்மா போடற சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்கும். போன பரீட்சைல கணக்குல சின்னவ மார்க்கு இறங்கிருச்சு. ஞாயித்துக்கிழமை ஹோம் வகுப்பு முடிஞ்சு திரும்பறப்போ அவ வீட்டுல இறங்கி சதவீதம் சொல்லித் தர்றேன்.

அக்காவுக்குப் போன்ல பதில் சொல்லிட்டேன். திருப்பிக் குடுக்கற பயம் இருக்கறவரைக்கும் ஃபாஸ்டர் கேருக்கு வராதீங்கக்கா, தத்து வரிசையிலயே நில்லுங்க, உங்க முறை வரும்னு. கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம், ஆறு வயசுக்கு மேல உள்ள, தத்துக்குத் தகுதியான பிள்ளைங்களைப் பத்தி எங்க விசாரிக்கணும்னு கேட்டாங்க. அதுக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கு. நானும் கூட வர்றேன்னு சொல்லியிருக்கேன்.

உங்கள்ல யாருக்காவது இதே கேள்வி இருந்தாலும் அங்கதான் போகணும். ஆஸ்பத்திரி ஆயா, புரோக்கர், 'எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி குடுக்கறா'னு வர்ற போன், எதையும் நம்பாதீங்க, அது குற்றம். ஆபத்துல இருக்கற பிள்ளையைப் பார்த்தா 1098.

அப்புறம் ஒரு உதவி. வர்ற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு இன்னொரு அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன். உறையூர்ல வீட்டு வேலை பார்க்கறாங்க. ரெண்டு பிள்ளைங்களையும் ஹோம்ல விடலாமானு என்கிட்ட கேட்டவங்க. அதுக்கு முன்னாடி இந்த 4,000 ரூபாய்க்கு எழுதிப் போட்டுப் பார்த்துருவோம்னு சொல்லியிருக்கேன். இவங்களை மாதிரி இன்னும் சிலர் வர்றாங்க. தமிழ்ல மனு எழுதத் தெரிஞ்சவங்க, ஒரு பேனாவும் நாலு வெள்ளைத்தாளும் எடுத்துட்டுக் காலைல பத்து மணிக்கு வந்துருங்க. ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு செட்டா இருக்கணும். ஸ்கூல் போனஃபைடை வெள்ளிக்கிழமையே கேட்டு வாங்கி வெச்சிரணும், திங்கட்கிழமை காலைல ஹெச்.எம். பிரேயர்ல இருப்பார்.